வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த தேனீக்கள்

கோடைமலைச் சரிவில் மூங்கிப்பள்ளம் என்றொரு ஊர். அங்கே சென்றாயன் என்று ஒருவன். அவனுக்கு அண்ணன் பெரியகருப்பு, தம்பி ஒச்சப்பன். மூவருக்கும் மூளை இருந்தது. புழங்கிய தடம்தான் இல்லை.

மழை பெய்தால் அவர்கள் தோட்டத்துச் சேறு அடுப்படிவரை வரும். அதை வழித்து வழித்து அலுத்துப்போன சென்றாயன் மனைவி பவுனுத்தாய், ஒரு நாள் துணிமூட்டையோடு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "அந்த மண்ணுல பச்சை பிடிச்சுப் பூத்தா ஆள் அனுப்புங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சென்றாயனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

விதைக்கடைக்காரர் சிவப்புக் குளோவர் விதை கொடுத்தார். மூன்று மூன்று இலையாகத் தரையை மூடும், சேறு ஓடாது, மாடும் தின்னும், சிவந்த உருண்டைப் பூவைக் காயவைத்துக் கொதிநீரில் போட்டால் டீ மாதிரி குடிக்கலாம் என்றார். விதையைத் தூவி லேசாக மிதித்துவிட வேண்டும், பூவை நிழலில் உலர்த்த வேண்டும், தேனீ வந்தால்தான் விதை பிடிக்கும் என்றும் சொன்னார். சென்றாயன் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டான்.

தின்று கொழுத்த உடம்பு லேசாக மிதிக்குமா? மூவரும் இரண்டு நாள் பட்டினி கிடந்துவிட்டு மிதித்தார்கள். ஒச்சப்பன் நாலு தடவை மயங்கி விழுந்தான். அவன் விழுந்த இடத்தில்தான் முளைப்பு நன்றாக இருந்தது.

எப்படியோ தோட்டம் பூத்துவிட்டது. ஆள் போனான், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று பவுனுத்தாய் சொல்லியனுப்பினாள். சந்தோஷம் தாங்காமல் சென்றாயன் அவளுக்கு டீ போட ஒரு கூடை பூப் பறித்தான். வேலியோரத்தில் பேரிக்காய் மரம் ஒன்று நல்ல நிழலோடு நின்றது. ஆனால் அது அடுத்த வீட்டுக்காரருடையது. இரவல் நிழலில் காய்ந்ததைக் கட்டினவளுக்குக் கொடுப்பதா? சொந்த நிழல் மூன்று இருக்கிறதே என்று மூவரும் வெயிலில் வரிசையாக நின்று, தங்கள் நிழலில் பாயை விரித்தார்கள். நிழல் நகர நகரப் பாயையும் இழுத்தார்கள். பிற்பகலில் மேகம் மூடியது.

"நம்ம நிழல் எங்கடா?" என்றான் பெரியகருப்பு.

"வெயிலோட போயிருச்சுண்ணே" என்றான் ஒச்சப்பன்.

"அப்ப பூவை உள்ள எடுத்து வை. நிழல் இல்லாத நேரத்துல வெளிய கெடந்தா வெயில் பட்டுரும்."

வெள்ளிக்கிழமை விடிந்தது. பனி விலகவில்லை, ஒரு தேனீகூட எட்டிப்பார்க்கவில்லை. தேனீ வந்தால்தான் விதை பிடிக்கும் என்று மடக்கிய விரலைச் சென்றாயன் தொட்டுப் பார்த்தான். ஒச்சப்பன் யோசித்துச் சொன்னான்: "நேர்ல வந்து அழைக்கலேன்னு சித்தப்பா மகன் கல்யாணத்துக்கே நாம போகல. அதுக மட்டும் எப்படிண்ணே வரும்?"

நியாயம்தான். தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம் எடுத்துக்கொண்டு பாறையிடுக்கில் இருந்த தேன்கூட்டுக்குப் போனார்கள். வெளியே யாரும் வரவில்லை. வாசலில் நின்று குரல் கொடுத்துப் பார்த்த சென்றாயன், மரியாதையாகக் கூட்டைத் தட்டினான். வந்தார்கள், குடும்பத்தோடு. வீடுவரை கூடவே வந்தார்கள்.

பவுனுத்தாய் வந்தபோது, கண்ணும் மூக்கும் தெரியாமல் வீங்கிய மூன்று முகங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தன. பூத்த தோட்டத்தைப் பார்த்து அவளுக்கு மனசு குளிர்ந்தது.

"உங்கள்ல எங்க வீட்டுக்காரரு யாரு?" என்று கேட்டாள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சென்றாயன் தண்ணீர்த் தொட்டியில் எட்டிப்பார்த்தான். உள்ளே தெரிந்தவனை அவன் அதுவரை பார்த்ததே இல்லை.

"இதுல அவன் இல்ல தாயி" என்றான். "ஆனா ஓம் மேல உசுரையே வெச்சிருக்கான். வெளிய எங்கயாவது போயிருப்பான், வந்துருவான்."

பவுனுத்தாய் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்ச் சமைத்தாள். மூன்று தட்டில் சோறு வந்தது. இரண்டு பேர் சாப்பிட்டார்கள். சென்றாயன் மட்டும் தன் தட்டை மூடி ஓரமாக வைத்தான்.

"அவன் பட்டினியா வருவான், பாவம்" என்று சொல்லிவிட்டு, தன்னைத் தேடிக்கொண்டு தெருவில் இறங்கினான்.