இடுப்புக்கு வாங்குன பிளாஸ்டர்

தணிகாசலத்துக்குத் திடீர்னு பக்தி முத்திப்போச்சு.

செருப்பு மாட்டக் குனிஞ்சா "முருகா!" நிமிர்ந்தா "அப்பனே!" கட்டில்ல இருந்து எந்திரிக்கிறதுக்குள்ள ஆறு படை வீட்டையும் சுத்திட்டு வந்துருவாரு.

விஷயம் பக்தி இல்ல, இடுப்பு. ஐம்பது தாண்டுன வயசுல ஆசைப்பட்டு, வளைஞ்ச ஹேண்டில்பார் வச்ச ரேஸ் சைக்கிள் ஒண்ணு வாங்கிட்டாரு. வாங்குன நாளா இடுப்புல ஆணி அடிச்ச மாதிரி வலி. "இனி ஒரு தடவை ஐயோ அம்மான்னு சத்தம் வந்துச்சு, சைக்கிள் என் தம்பிக்கு"ன்னு வீட்டம்மா சுலோச்சனா சொல்லிட்டாங்க. தம்பி சம்பத்தும் வந்து சீட்டுல உக்காந்து அளவு பார்த்துட்டுப் போயிட்டான். அதான் மனுஷன் 'ஐயோ'வை எடுத்துட்டு அந்த இடத்துல முருகனைப் போட்டாரு.

கொஞ்சம் அதிகமாவே போட்டுட்டாரு. சுலோச்சனாவுக்குக் கண்ணே கலங்கிருச்சு.

"இவ்வளவு பக்தி வந்துருச்சே உங்களுக்கு! வர்ற கிருத்திகைக்கு நீங்க அங்கப்பிரதட்சணம் பண்றதா வேண்டிக்கிட்டேன்."

வெறுந்தரையில, கோயிலைச் சுத்தி, உருளணும்.

மறுநாள் விடிஞ்சதும் ஏற்காடு அடிவாரத்துல பூங்கோதை முன்னாடி போய் நின்னாரு. அங்க சைக்கிள் கோஷ்டிக்குப் பயிற்சி குடுக்கிறது அந்தப் பொண்ணுதான். தணிகாசலத்தோட மக வயசு. மலை ஏத்தத்துல எல்லாரும் நாக்கு தள்ளும்போது அவ கதை பேசிக்கிட்டே ஏறுவா. அதனால எல்லாருக்கும் அவ குரு.

"குருவே, கிருத்திகைக்குள்ள இந்த இடுப்பு சரியாகணும்." மருந்துக்கடையில வாங்குன பெரிய வலி பிளாஸ்டரை நீட்டுனாரு. "இதை எங்க ஒட்டணும்னு மட்டும் சொல்லுங்க."

"சொல்றேன். அந்தப் பிள்ளையார் கோயில் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க சார்."

இறால் மாதிரி சுருண்டு போனாரு. அதே மாதிரி வந்தாரு.

"ஏன் சார் அவ்வளவு குனியுறீங்க?"

"காத்தைக் கிழிக்க, குருவே."

"நீங்க வந்ததே காத்துக்குத் தெரியாது சார். வாக்கிங் போற ரெண்டு அக்கா புடவை விலை பேசிக்கிட்டே உங்களைத் தாண்டிட்டாங்க."

"அது ஏத்தம்!"

"அவங்களுக்கும் ஏத்தம்தான்."

தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கிட்டாரு. "காத்து மட்டும் இல்ல. மீட்டர் பார்க்கணும்ல? குனிஞ்சாத்தான் வேகம் எவ்வளவுன்னு தெரியுது. எழுத்து பொடி எழுத்து."

பூங்கோதை பிளாஸ்டர் கவரைப் பிரிச்சா. ஹேண்டில்பார்ல இருந்த வேக மீட்டர் மேல வச்சு, நாலு ஓரமும் அழுத்தி ஒட்டுனா.

"குருவே... வலி இங்க."

"தெரியும் சார். போயிட்டு வாங்க."

பழக்க தோஷத்துல ரெண்டு தடவை குனிஞ்சு பார்த்தாரு. பிளாஸ்டர்தான் தெரிஞ்சுது. சலிச்சுப்போய் நிமிர்ந்து உக்காந்தாரு. பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு போட்டாரு. திரும்பும்போது அந்தப் புடவை அக்காங்ககிட்ட எந்தக் கடைன்னும் கேட்டுக்கிட்டாரு. சைக்கிளை விட்டு இறங்கும்போது வாயில முருகன் வரல.

"எவ்வளவு வேகத்துல வந்தேன் குருவே?"

"வந்தீங்க."

"இல்ல, எவ்வளவு..."

"வந்துட்டீங்க சார்."

தணிகாசலம் இடுப்பைத் தடவிப் பார்த்தாரு. ஆணி இருந்துச்சு, ஆனா கொஞ்சம் சின்ன ஆணி.

"இது போகப் போக சரியாகும், புரியுது. கிருத்திகை அதுக்கு முன்னாடியே வருதே! உருண்டேன்னா எந்திரிக்க மாட்டேன்."

"வீட்ல உண்மையைச் சொல்லிடுங்க."

"சொன்னா சைக்கிள் மச்சினனுக்குப் போயிரும்!"

"போகட்டும்."

"குருவே!" ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு மனுஷன். "காலையில கண்ணு முழிக்கிறதே இதுக்குத்தான். இது இல்லாம எந்திரிச்சு நான் என்ன பண்ணுவேன்?"

பூங்கோதை தன்னோட சைக்கிள்ல ஏறி ஒரு காலை ஊனிக்கிட்டா.

"குடுக்கும்போது பிளாஸ்டரைப் பிரிச்சுட்டுக் குடுங்க சார். மீட்டரை அவரும் நல்லாக் குனிஞ்சு பார்க்கட்டும். ஒரே வாரத்துல சைக்கிள் உங்க வாசல்ல வந்து நிக்கும்."