கிணறு யார் பக்கம்?

கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். "ரெண்டு பேருமே மோசம்" என்று பொத்தாம்பொதுவாக நழுவக் கூடாது.

ராக்காயியும் சிட்டம்மாவும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். கீரிக்கும் பாம்புக்கும்கூட அப்படியொரு பகை கிடையாது. மூத்தவள் ராக்காயி மாடு வளர்த்துப் பால் ஊற்றுகிறவள். இளையவள் சிட்டம்மாவுக்கு வாசலில் இட்லிக் கடை. வீட்டின் முன்பக்கம் தெரு. பின்பக்கம் ஒரு சந்து. பின்கட்டில் நட்ட நடுவே கிணறு. கோடையில் அக்கம்பக்கத்தில் வற்றாதது அது ஒன்றுதான்.

பாகம் பிரிக்கும் நாள் வந்தது. புருஷன்மார்களான அண்ணனும் தம்பியும் பொறுப்பை ஊர் நாட்டாமை தலையில் கட்டிவிட்டார்கள். "மூத்தவ பிரிக்கட்டும், இளையவ மொதல்ல எடுக்கட்டும். அப்புறம் பேச்சு கூடாது," என்றார் நாட்டாமை.

ராக்காயி யோசித்தாள். வீட்டை நெடுக்கே பிரித்தால் ஆளுக்குப் பாதித் தெரு, பாதிக் கிணறு. சீ, அவளோடு ஒரே கிணற்றில் வாளி விடுவதா? குறுக்கே பிரித்தால் இட்லிக்காரி தெருவை விட்டு எங்கே போவாள்? கிணறு முழுசாக நமக்குத்தான்.

"ஒரு கொடம் தண்ணிக்கு அவ என் வாசல்ல வந்து நிக்கணும்," என்று புருஷனிடம் கறுவிவிட்டுக் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டாள்.

சிட்டம்மா கோட்டைப் பார்த்தாள். ராக்காயியின் முகத்தைப் பார்த்தாள். "எனக்குப் பின்பக்கம்," என்றாள்.

"அடிப் பாவி! சந்துக்குள்ள எவன்டி வந்து இட்லி திம்பான்?"

"எவனும் வர வேணாம்க்கா. ஒன் மாடு எங்க போயி தண்ணி குடிக்குதுன்னு நான் பாக்கணும்."

சித்திரை வெயிலில் ராக்காயி மாடுகளை ஒவ்வொன்றாகச் சந்தைக்கு ஓட்டினாள். கன்றிலிருந்து வளர்த்த காரிப் பசுவை விற்ற அன்று வாய்விட்டு அழுதாள். சிட்டம்மாவின் இட்லிப் பானையும் கவிழ்ந்துதான் கிடந்தது. ஆனாலும் அவள் கிணற்றடியில் நின்று, அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக் குளித்தாள்.

இப்போது சொல்லுங்கள். ராக்காயியின் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டியது யார்? வீம்புக்குப் பின்பக்கம் எடுத்த சிட்டம்மாவா, கோடு போட்ட ராக்காயியேவா?

விடை: ராக்காயிதான். முதலில் கோடு போடும் அதிகாரம் அவள் கையில் இருந்தது. பின்னால் எடுக்கப்போகிறவளின் ஆசையைக் கணக்குப் பார்த்ததும் சரிதான். அந்த ஆசை இட்லி விற்பது என்று நினைத்தாளே, அங்கேதான் பிசகு. தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத் தடை செய்கிறவள் சிட்டம்மா. இத்தனை வருஷம் ஒரே அடுப்படியில் மல்லுக்கு நின்றவளுக்கு இது தெரியாதா? நெடுக்கே பிரித்திருந்தால், சிட்டம்மா எந்தப் பக்கத்தை எடுத்தாலும் மாடுகளுக்குத் தண்ணீர் இருந்திருக்கும். சிட்டம்மாவுக்கும் இருந்திருக்குமே! அதுதான் ராக்காயிக்குப் பொறுக்கவில்லை.