எண்பத்து நாலு பெட்டி

அலைவாய்ப்பட்டினத்தை எந்த வரைபடத்திலும் தேட வேண்டாம். கதைக்காகவே கடலோரத்தில் எழுப்பிய ஊர் அது. அதை ஆண்டவர் கோச்செழியன். தங்கமான மனிதர். ஆனால் தன் தலையணை இல்லாமல் பக்கத்து ஊரில்கூடப் படுக்கமாட்டார்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கடாரத்திலிருந்து ஓலை வந்தது. அங்கே வாழ்க்கைப்பட்ட தங்கை எழுதியிருந்தாள்.

"அண்ணா, உன் மருமகனுக்கு ஒரு வயதாகப் போகிறது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்தவேண்டும். நீ வராவிட்டால் என் பிள்ளை மூளிக்காதோடு வளரட்டும்."

அரசருக்குக் கண் கலங்கிவிட்டது. "போயே தீருவேன்! அப்படியே சாவகத்தையும் சீனத்தையும் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றார்.

மூட்டை கட்டுகிற வேலை அரண்மனை அதிகாரி நல்லமுத்தரையரிடம் போயிற்று. அரசர் ஒன்று சொன்னால் ஒன்பது கட்டுகிறவர் அவர். நாலே நாளில் முற்றத்தில் எண்பத்து நாலு பெட்டிகள் நின்றன.

கப்பல் தலைவன் அலையாண்டான் வந்து பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"அரசே, இவ்வளவையும் ஏற்றினால் கப்பல் கடாரம் போகாது. நேரே பாதாளம் போகும். பத்துப் பெட்டிதான் தாங்கும். நாளை மறுநாள் காற்று திரும்பிவிடும். அதற்குள் கிளம்பாவிட்டால் அடுத்த வருஷம்தான்."

"இதில் எதை விடுவது? எல்லாமே வேண்டியதுதானே!" என்று அரசர் தவித்தார்.

சபையில் கிண்டலும் கேலியுமாய்ப் பேசி எல்லாரையும் சிரிக்கவைக்கும் வெண்காடன் ஓரமாக நின்றான். அவன்மேல் அரையருக்கு ரொம்ப நாளாகவே பொறாமை.

"வெண்காடர்தான் சகலமும் அறிந்தவர் ஆயிற்றே! எண்பத்து நாலை அவரே பத்தாக்கட்டும். ஆனால் ஒன்று. 'இதை எடுத்துவிடுங்கள்' என்று எந்தப் பொருளைப் பற்றியும் அவர் வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் அன்றோடு சபைப் பக்கம் வரக்கூடாது" என்றார் அரையர்.

அரசருக்கு வேடிக்கை பிடிக்கும். "நல்ல பந்தயம்! நாளைக் காலைக்குள் முடி, வெண்காடா" என்றார்.

வெண்காடன் பெட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தான். அரசரின் தங்கையை அவள் பாவாடை கட்டிய நாளிலிருந்தே அவனுக்குத் தெரியும். கைப்பிள்ளையோடு துறைமுகத்தைப் பார்த்தபடி அவள் நிற்பது போலிருந்தது. சபை போனால் போகட்டும், அவள் ஏமாறக்கூடாதே! யோசித்து யோசித்து, கடைசியில் கேட்டான்.

"அரசே, எடுக்கச் சொல்லக்கூடாது. சரி. சேர்க்கச் சொல்லலாமா?"

அரையர் வாய்விட்டுச் சிரித்தார். "தாராளமாகச் சேர்த்துக்கொள்ளும்!"

மறுநாள் காலை வெண்காடன் கையில் நீண்ட ஓலையோடு வந்தான்.

"அரசே, அரையர் அவசரத்தில் பாதியைத்தான் கட்டியிருக்கிறார். இதோ, ஊஞ்சல் நாலு பெட்டியில் இருக்கிறது. அதைத் தொங்கவிட உத்தரம் எங்கே? தச்சர்களை வரச்சொல்லிவிட்டேன். இந்த மண்டபத்துக் கூரையைப் பிரித்தால் உத்தரம் கிடைத்துவிடும்."

அரசர் அண்ணாந்து பார்த்தார். "கூரையையா? வேண்டாம், வேண்டாம்! ஊஞ்சலை இறக்கு."

"உத்தரவு. அடுத்தது நம் கிணற்றுத் தண்ணீர், இருபது பெட்டியில் பானை பானையாக. பத்து நாளில் தீர்ந்துவிடும். ஆகவே கிணற்றையே பெயர்க்க ஆள் பார்த்திருக்கிறேன். கிணறு போனால் அரண்மனைக்குத் தண்ணீர் இல்லை. அதனால் மகாராணியாரையும் அடுக்களை ஆட்கள் முப்பது பேரையும் சேர்த்துக்கொண்டேன்."

"அங்கே இருக்கிறவர்கள் தண்ணீர் குடிக்காமலா இருக்கிறார்கள்? பானைகளை இறக்கு!"

"ஆடை ஐம்பது பெட்டி. கடாரத்தில் உடுத்தியதைச் சாவகத்தில் உடுத்தக்கூடாது, சாவகத்தில் உடுத்தியதைச் சீனத்தில் உடுத்தக்கூடாது என்று அரையர் பிரித்து வைத்திருக்கிறார். ரொம்பச் சரி. ஆனால் ஒரு குறை. கடாரத்திலிருந்து நூறு பேரைச் சாவகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும்."

"எதற்கு?"

"நீங்கள் அங்கே உடுத்தியது வேறு, இங்கே உடுத்தியது வேறு என்று பார்த்துச் சொல்ல ஆள் வேண்டாமா, அரசே?"

அரசர் அவனை முறைத்தார். உதட்டோரம் சிரிப்பு துடித்தது. "ஏழு பெட்டி போதும். மிச்சத்தை இறக்கு."

இறக்கி இறக்கிப் பதினொன்றில் வந்து நின்றது. பதினோராவது பெட்டியில் ஆளுயர நிலைக்கண்ணாடி. அரசர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இதைமட்டும் விடமாட்டேன். இதற்கு நீ சேர்க்க ஒன்றும் இல்லை!"

அரையர் முகம் மலர்ந்தது. பதினொன்று பத்தாகப் போவதில்லை.

வெண்காடன் பணிவாகச் சொன்னான். "ஒரே ஒருவர்தான், அரசே. இங்கே நீங்கள் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் பின்னால் நின்று 'மன்மதன்! மன்மதன்!' என்று சொல்வது அரையர். அவர் இல்லாமல் தனியாகப் பார்த்தால் கண்ணாடி உள்ளதை உள்ளபடி காட்டிவிடுமே! ஆகவே அவரும் கப்பலில் வரட்டும். மூன்று நாட்டுக்கும்."

அரையருக்குப் படகைப் பார்த்தாலே வயிற்றைப் புரட்டும். முகம் வெளுத்தது. ஓடிவந்து பெட்டியைத் தானே பிடித்து இழுத்தார்.

"கண்ணாடி எதற்கு அரசே? வேண்டவே வேண்டாம்! எடுத்துவிடுங்கள்!"

கோச்செழியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அலையாண்டான் எண்ணிப் பார்த்தான். சரியாகப் பத்து.

"அடே, நீ ஒன்றைக்கூட எடுக்கச் சொல்லவில்லையே!" என்று அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவன் கையில் வைத்தார். "என் மருமகன் காது பிழைத்தது. நீயும் என்னோடு கப்பலில் வா."

வெண்காடன் மாலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அரசே, இவ்வளவு உயர்ந்த மாலை. பத்திரமாகக் கொண்டுவர ஒரு சின்னப் பெட்டி..."

"கழுத்தில் போட்டுக்கொள்!" என்று கத்தினார் அரசர். "எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டே போனாய், பொறுத்துக்கொண்டேன். பெட்டி என்ற பேச்சை மட்டும் இனி எடுத்துவிடாதே!"