பாட்டரிதான் என்று சாதித்த சோணாசலம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும் எனக்கு மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இந்த நிமிஷமே உதிர்ந்து போகட்டும்!

செம்பாறை ராஜாவுக்கு அவர் அப்பா விட்டுப்போனது இரண்டு. ஒன்று சமஸ்தானம். இன்னொன்று இங்கிலாந்திலிருந்து வந்த, கூரையில்லாத சிவப்புப் பந்தயக் கார். ராஜா கவலைப்பட்டதெல்லாம் காரைப் பற்றித்தான்.

அந்த மாதிரிக் கார் வைத்திருந்தவர்கள் ஒரு சங்கம் நடத்தினார்கள். ஞாயிறு காலையில் ஏரிக்கரையில் கூடுவார்கள். மாலை மரியாதை கிடையாது, பிரசங்கம் கிடையாது. காபி, மெதுவடை, திறந்த பானெட், அவ்வளவுதான். ஒரே ஒரு சம்பிரதாயம் உண்டு. கலையும்போது தலைவரின் கார் முன்னால் போகும். அது கிளம்பாவிட்டால் அடுத்த கார்க்காரர் தலைவர்.

தலைவர் ராஜா. அடுத்தவர் நெடுங்காடு ஜமீன்தார். அவரிடமும் அச்சு அசல் அதே கார்.

ஒரு சனிக்கிழமை ராஜாவின் காரில் ரோட்டர் உடைந்துவிட்டது. சுண்டுவிரல் நீளத் துண்டுதான். அது சுழன்றால்தான் எஞ்சினுக்குத் தீப்பொறி போகும். புதியது கப்பலில் வரவேண்டும். ராஜா, வாயால் பிழைக்கும் ஆஸ்தான ஆலோசகர் சோணாசலத்தைக் கூப்பிட்டார்.

"ஓய், நாளைக்கு என் கார்தான் முன்னால் போகணும்."

"உத்தரவு. ஜமீன்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டால்…"

"அவனிடமா? கேட்கக் கூடாது. திருடவும் கூடாது. கார் நகரவில்லையென்றால் நீர் சமஸ்தானத்தைவிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான்."

"சரி மகாராஜா. வடை எத்தனை சொல்லட்டும்?"

அரண்மனை மேட்டில், ஏரி பள்ளத்தில். மறுநாள் காலையில் தள்ளிவிட்டதும் கார் தானாக உருண்டு இறங்கியது. ராஜா கம்பீரமாக ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். "என்ன எஞ்சின்! சத்தமே இல்லையே!" என்று சங்கமே வியந்தது.

சோணாசலம் பானெட்டைத் திறந்தார். "யாரும் சிரமப்பட வேண்டாம். வந்தது வந்துவிட்டது, இனிக் கிளம்பாது. பாட்டரி தீர்ந்துபோச்சு" என்று உரக்கச் சொல்லிவிட்டு ஒரு வடையை எடுத்துக்கொண்டார்.

அந்தச் சங்கத்தாரை உங்களுக்குத் தெரியாது. சொந்த வீட்டுக் கூரை ஒழுகினாலும் அண்ணாந்து பார்க்காதவர்கள். ஆனால் அடுத்தவன் காருக்குத் தப்பான வியாதி சொன்னால் மட்டும் தாங்கவே மாட்டார்கள். காபி டம்ளர்கள் கீழே போயின. சட்டைக் கைகள் மேலே போயின.

"பாட்டரியா? விளக்கு பளிச்சுனு எரியுதே!" என்றார் பல் டாக்டர்.

"பெட்ரோல் ஏறலே" என்றார் தேயிலைத் தோட்டத்துக்காரர்.

"பாட்டரிதான்" என்றார் சோணாசலம், மென்றபடியே.

ஜமீன்தார் வெள்ளைப் பட்டு ஜிப்பாவில் ஒதுங்கி நின்றிருந்தார். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், தலைமை அவருக்கு. நின்றார். மீசை துடித்தது. இன்னொரு "பாட்டரிதான்" காதில் விழுந்ததும் பாய்ந்து வந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார்.

"அறிவிருக்கா ஓய்? ரோட்டர் உடைஞ்சு கிடக்கு! இதை வச்சுக்கிட்டு எப்படித்தான் வந்தீங்களோ!"

"இல்லை ஜமீன்தார்வாள், பாட்டரி."

"என் ரோட்டரைப் போட்டே காட்டறேன்! மகாராஜா, மாட்டிப் பார்க்கலாமா?"

ராஜா வடையை விழுங்கினார். "உங்கள் இஷ்டம்."

ஜமீன்தார் ஓடிப்போய்த் தன் காரிலிருந்து கழற்றி வந்து மாட்டினார். எஞ்சின் உறுமியது. சங்கமே கைதட்டியது.

"பார்த்தீரா?" என்றார் ஜமீன்தார், கிரீஸ் ஜிப்பாவோடு.

"தோற்றேன்" என்று கும்பிட்டுவிட்டு ராஜாவின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார் சோணாசலம். ராஜாவின் கார் முன்னால் போயிற்று. மற்றவை பின்னால் போயின. ஜமீன்தாரின் கார் மட்டும் ஏரிக்கரையில் மிகவும் பளபளப்பாக நின்றது.

பாதி வழியில் ராஜாவுக்கு உறுத்தியது. "ஓய், அவனிடம் எதுவும் கேட்கக் கூடாது என்றேனே!"

"நாம் எங்கே கேட்டோம் மகாராஜா? அவர்தான் கேட்டார். நீங்கள்தான் பெரிய மனசு பண்ணிக் கொடுத்தீர்கள்."

"நானா? எதை?"

"அனுமதியை."

ராஜா சிரித்த சிரிப்பில் கார் ஒரு வயலுக்குள் இறங்கி மறுபக்கம் ஏறியது. சோணாசலத்தின் விரலுக்கு ராஜாவின் வைர மோதிரம் வந்தது.

இதை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். சொன்னவன் யாரென்று மட்டும் மூச்சு விடாதீர்கள். நெடுங்காட்டாரின் பேரன் இன்னும் அந்த ரோட்டரை விசாரித்துக்கொண்டு திரிகிறான்.