பதினேழாம் குழாய்

டாக்டர் சங்கரபாண்டி அன்று காலையிலிருந்து குட்டி போட்ட பூனையாக ஆய்வகத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்தார். மரபணுவைப் பரிசோதிக்கும் இயந்திரத்திடம் போவார், திரையைப் பார்ப்பார், திரும்பி வந்து உட்காருவார். நாற்காலி சூடேறுவதற்குள் மறுபடி எழுந்துவிடுவார்.

இருபது வருஷம் கிராமத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளி பார்த்தவர், நாற்பத்தெட்டு வயதில் பேத்தாலஜி ஆராய்ச்சிக்கு வந்திருந்தார். பெண்களின் சினைப்பையில் வரும் புற்றுநோய் எந்த மரபணு வழியாகக் குடும்பத்தில் இறங்குகிறது என்பதுதான் ஆராய்ச்சி. அவருக்குக் குருவாக வாய்த்த டாக்டர் எஸ்தர் வயதில் ஆறு வருஷம் இளையவர். பேச்சில் படு சிக்கனம்.

நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாதவர் ரத்தமும் வேண்டும். அதற்கு வெளியே ஆள் தேடி அலையாமல் ஆய்வு செய்பவர்களே கையை நீட்டிவிடுவது அங்கே வழக்கம். சங்கரபாண்டி கொடுத்தது பதினேழாம் குழாய். சினைப்பையே இல்லாத ஆண்பிள்ளையின் ரத்தம், இதைவிட மாசில்லாத சாட்சி ஏது என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். மெத்தப் படித்தவர்களால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு அது. அந்த மரபணுவுக்கு ஆண், பெண் பேதம் கிடையாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தவரும் அவரேதான்.

பதினேழில் அந்த மரபணுக் கோளாறு இருக்கிறது என்று இயந்திரம் சொன்னது.

மத்தியானம் எஸ்தர் வந்தார்.

“மேடம், மெஷின்ல ஏதோ பிரச்சினை.”

“எத்தனை தடவை ஓட்டினீங்க, சார்?”

“நாலு.”

“நாலுலயும்?”

“அதேதான் வருது. குழாய் மாறியிருக்கலாம். மருந்து பழசா இருக்கலாம். இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துடறேன்.”

“மத்த குழாயெல்லாம்?”

“ஒரு தடவை.”

எஸ்தர் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். நடுவில் ஒரு தாளைப் பிரித்து அவர் முன்னால் வைத்தார்.

“படிங்க.”

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு நோயாளியின் தாள். போன மாசம் அந்தப் பெண்ணிடம் முடிவைச் சொன்னவர் சங்கரபாண்டிதான். கடைசி வரி அவர் கையெழுத்தில் இருந்தது.

“‘மறுபடியும் பார்க்கும்படி கேட்டார். தேவையில்லை என்று சொல்லப்பட்டது.’”

“எப்படிக் கேட்டாங்க?”

“‘ரெண்டு பொட்டப்புள்ளைய வச்சிருக்கேன், இன்னொருக்கா பாத்துச் சொல்லுங்கய்யா’ன்னு.”

“நீங்க?”

“மெஷின் பொய் சொல்லாதும்மான்னு சொன்னேன்.”

சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

பிறகு தானாகவே பேசினார்.

“எங்க அப்பாவோட தங்கச்சி வயிறு வீங்கிச் செத்துப்போனாங்க. ஊர்ல மகோதரம்னு சொன்னாங்க. அப்பாவுக்கு ஒண்ணுமே இல்ல, எண்பது வயசுவரை கல்லு மாதிரி இருந்தார். அவர் வழியாத்தான் வந்திருக்கணும்.”

“கூடப்பிறந்தவங்க?”

“ஒரே அக்கா. உலகம்மாள். அம்மா போனப்புறம் என்னை வளத்தவ. அவளுக்கும் இருந்துட்டா?”

“இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தா நோய் வர்றதுக்கு முன்னாலயே சினைப்பையை எடுத்துடலாம். அவங்களை வரச்சொல்லுங்க.”

சங்கரபாண்டி போனை எடுத்தார். அக்காவின் எண்ணைத் தேடினார். பிறகு போனை மேஜையில் வைத்துவிட்டு இயந்திரத்தைப் பார்த்தார்.

“ஒரே ஒரு தடவை ஓட்டிட்டுச் சொல்லிடறேனே, மேடம்?”

எஸ்தர் எழுந்து போய் இயந்திரத்தை அணைத்தார். இரைச்சல் நின்றது. திரும்பி வந்து, போனை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அவர் அதை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“என்னன்னு ஆரம்பிக்கிறது? எத்தனையோ பேருக்கு மளமளன்னு சொல்லியிருக்கேன். இப்ப நாக்கு எழமாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்கு, மேடம்.”

“அதையே முதல்ல சொல்லுங்க, சார்.”