உப்பை விட்டவர்

அந்த மலை மடத்தில் சேருகிறவர்கள் பிடித்தமான ஒன்றை விட்டுவிட வேண்டும். மருதப்பன் உப்பை விட்டார். கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர். மூன்று வருஷமாக உப்பு அவர் நாக்கில் படவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பிறகு கழுத்து வீங்கியது. நல்ல வெயிலிலும் குளிர் எடுத்தது. தியானத்தில் உட்கார்ந்தால் தூக்கம் சொக்கியது. தனக்கு ஞானம் கொடுத்துவைக்கவில்லை என்றே முடிவு கட்டிவிட்டார். அடிவாரத்து டாக்டரோ ரத்தத்தைச் சோதித்துவிட்டு, "அயோடின் பத்தல, தைராய்டு தவிக்குது. அயோடின் உப்பு சேர்த்துக்கோங்க சார்" என்றார். பாடம் நடத்தியவருக்கே பாடம் மறந்துபோயிருந்தது.

அவமானத்தோடு பையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். மடத்தின் தலைவி குழல்வாய்மொழி அம்மை அவரைவிட வயதில் சிறியவர். அப்போது பந்தியில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"விரதம் முறியப்போகுது தாயே. தைராய்டுக்கு உப்பு வேணும்னு டாக்டர் சொல்லிட்டார். நான் கிளம்பறேன்."

"கிளம்பலாம். அந்தத் தைராய்டு என்னதான் பண்ணும்? சொல்லிட்டுப் போங்க ஐயா."

கேட்டதுதான் தாமதம், வாத்தியார் விழித்துக்கொண்டார்.

"ரத்தத்துல ஓடற துளி அயோடினையும் அது பொறுக்கி எடுக்கும். அங்க பெராக்சிடேஸ்னு ஒரு நொதி, அயோடினைப் பிடிச்சு ஒரு புரதத்துல கோத்துவிடும். நாலு அயோடின் சேர்ந்தா ஹார்மோன். ஆனா அது பெரும்பாலும் சும்மாதான் சுத்தும். கல்லீரல் மாதிரி இடத்துல வேற நொதி ஒரு அயோடினைக் கழட்டிவிடும். அப்புறந்தான் உடம்புல சூடு, மனசுல தெளிவு எல்லாம்."

"ஒண்ணை விட்டாத்தான் வேலை செய்யுமா?" அம்மை சிரித்தார். "அப்ப நம்ம மடத்து ஆளுதான்."

"ஆமாம் தாயே."

"விடறதுக்கு முன்னாடி?"

"நாலும் சேரணும். மூணு வருஷமா நான் அதுக்கு எதுவும் தரல. இல்லாததைத் தேடித் தேடியே இப்படி வீங்கியிருக்கு. ஒரு நாளும் வேலையை நிறுத்தல தாயே."

சொல்லும்போதே கை கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது. இந்தச் சின்னச் சதைக்கு இத்தனை வயதில் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லையே என்று அவருக்குக் கண் நிறைந்தது.

அம்மை கஞ்சியில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கி நீட்டினார். மருதப்பன் நின்றபடியே குடித்தார்.

"விரதத்தை முறிச்சுட்டேன். இதுக்கு என்ன பிராயச்சித்தம்?"

"உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லியிருக்காங்க. உப்பே இல்லாம உழைச்சவரை நினைச்சு முடிக்க ரொம்ப நாளாகும். பையை உள்ள வைங்க."