உலகம்மாளின் கண்ணீர்

தென்காசியில் ஒரு சிறிய மடம். அங்கே தேவாரம் சொல்லிக்கொடுப்பவர் பூங்கோதை. வயது முப்பதைத் தாண்டியிருக்காது. பாட வருகிறவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். ஆனாலும் எல்லோருக்கும் அவர் 'அம்மா'தான்.

உலகம்மாள் அவர்களில் ஒருத்தி. பேரன் எடுக்கிற வயது. நல்ல குரல், நல்ல ஞாபகம், வாயும் கொஞ்சம் நீளம். அன்று மற்றவர்கள் கிளம்பிய பிறகு தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள்.

"மருமக சுபாஷினி கோவிச்சுக்கிட்டு அவ அம்மை வீட்டுக்குப் போயிட்டாம்மா. மகனும் அங்கேயே போய்க் கெடக்கான். வீடு வெறிச்சுனு இருக்கு. அவ மனசு மாற ஒரு பதிகம் சொல்லுங்க."

"அவ எதுக்குக் கோவிச்சா சித்தி?" என்று கேட்டார் பூங்கோதை.

"அதான் தெரியல. கை நீட்டி அடிச்சேனா? ஒரு வார்த்த வைஞ்சிருப்பேனா? எட்டு மணித் தொடர்ல அந்தப் பவித்ராவை அவ மாமியா படுத்துற பாட்டைப் பார்த்து நித்தம் அழுதவளாக்கும் நான். எனக்கா கல்மனசு?"

பூங்கோதை சிரிக்கவில்லை. "நேத்து அந்தப் பவித்ராவை மாமியா என்ன செஞ்சா?" என்று கேட்டார்.

கேட்கவா வேண்டும்? உலகம்மாள் கைப்பேசியை எடுத்துத் தொடரையே ஓடவிட்டாள். திரையில் மாமியார்க்காரி, பசியோடு வந்த மருமகளைத் தள்ளிவிட்டுச் சமையற்கட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். உலகம்மாளுக்குப் பொலபொலவென்று கொட்டியது. நடிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். அத்தனையும் அசல் கண்ணீர்.

"கீழே நான் எழுதினதைப் பாருங்கம்மா."

'பசிச்ச பிள்ளையை நிக்க வச்சுட்டு உனக்குச் சோறு எப்படி இறங்குது? நீயும் ஒரு தாயா?' என்று எழுதியிருந்தாள். ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள். 'உங்கள் மருமகள் கொடுத்து வைத்தவர் அம்மா' என்று ஒரு பெண் பதில் எழுதியிருந்தாள்.

திரையில் பவித்ரா தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்கிற கட்டம். அந்த நேரம் பார்த்து மடத்துச் சமையற்கட்டில் மிக்சி ஓடியது.

"ஏட்டி, மிக்சியை நிறுத்து! தொடர் ஓடும்போது அரைக்காதேன்னு எத்தன தடவ சொல்லுதேன்?"

மிக்சி நின்றது. மடத்துச் சமையல்காரர் ஆவுடையப்பன் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். அவரைப் பிறந்ததிலிருந்து யாரும் பெண்பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் 'ஏட்டி' என்று கூப்பிட்டதில்லை.

உலகம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வீட்டுல இப்படிச் சொன்னா சுபாஷினி என்ன செய்வா?" என்று கேட்டார் பூங்கோதை.

"நிறுத்திருவா."

"பொறவு?"

"தொடர் முடிஞ்சதும் அரைப்பா. சட்னி ஆனதும் எல்லாருக்கும் தோசை ஊத்துவா. கடைசியா அவ சாப்பிடுவா."

"வேலை விட்டு எப்போ வருவா?"

"மருந்துக்கடையில இருந்து ஏழே முக்காலுக்கு வந்துருவா."

"நாள் பூரா நின்னுட்டா?"

"ஆமா."

"தொடர் முடியுற வரைக்கும் என்ன செய்வா?"

உலகம்மாள் யோசித்தாள். சமையற்கட்டில்தான் இருந்திருப்பாள். நின்றாளா, உட்கார்ந்தாளா, தண்ணீரைக் குடித்துப் பசியை அடக்கினாளா? ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருந்தால் அல்லவா தெரியும்? பவித்ரா நேற்று என்ன நிறப் புடவை கட்டியிருந்தாள் என்று கேட்டால் சொல்லிவிடுவாள்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுதியதை அழித்துவிடலாம் என்று கைப்பேசியைத் தடவினாள். அப்படியே மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"பாவி, பார்க்காமலே இருந்துட்டேனேம்மா" என்றாள். "இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவ வாசல்ல எப்படிப் போய் நிப்பேன்? போனாலும் என்னத்தைச் சொல்ல?"

பூங்கோதை சமையற்கட்டின் பக்கம் திரும்பி, "நீங்க அரைங்க அண்ணாச்சி" என்றார். மிக்சி மறுபடி ஓடியது. அது ஓய்ந்ததும் சொன்னார்.

"எட்டு மணிக்குப் போங்க சித்தி. அவ அம்மை வீட்டுல சாப்பிடுற நேரம். ஒண்ணும் சொல்ல வேண்டாம், பக்கத்துல உக்காந்து அவ சாப்பிடுறதைப் பாருங்க. அழுகை வந்தா அங்கே அழுங்க."